காதுக்குள் ஒரு தாலுகா

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருப்பது என்றால், முகம் தெரியாத ஒரு ஊர் முழுக்கத் திட்டுவதற்கு உங்கள் காதை எழுதிக் கொடுப்பது என்று அர்த்தம்.

நான் கள்ளக்குறிச்சியில் வேலைக்குச் சேர்ந்த சமயம், இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் போராட்டம் சூடு பிடிக்க ஆரம்பித்திருந்தது. ரோட்டில் கூட்டம். ஆபீஸுக்குள் புது மெஷின் வரப்போகிறது என்ற பேச்சு. இரண்டுக்கும் நடுவில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள். கஸ்டமரிடம் சிரித்த குரலில் திட்டு வாங்கியவர்கள், கையில் படிந்த வேலையை விட்டுவிட்டு நடுவயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள் என்று உத்தரவு வாங்கியவர்கள், ஆபீஸ் நாற்காலியால் இடுப்பைத் தொலைத்தவர்கள் எல்லாரும் இப்படிக் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

நம்பர் ப்ளீஸ்

அப்போது எங்களுடையது கையால் இணைக்கும் எக்ஸ்சேஞ்ச். வீட்டிலோ கடையிலோ ஒருவர் ரிசீவரைத் தூக்கினால் எங்கள் போர்டில் ஒரு சின்ன விளக்கு எரியும். நாங்கள் கயிறு என்று சொல்லும் ஒரு வயரை அங்கே செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்போம். அவர் சொன்ன நம்பரில் கயிற்றின் மறு முனையைச் செருகினால் பேச்சு தொடங்கும். வெளியூர் என்றால் டிரங்க் கால். புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வயரைப் பற்றிக் கொஞ்சம், குரலைப் பற்றி நிறைய. குரல் உயரக் கூடாது, இழுக்கக் கூடாது, ஊர்ப் பேச்சு எட்டிப் பார்க்கவே கூடாது.

எனக்குத் தியாகதுருகம். அப்பா குத்தகைக்குப் பயிர் வைப்பவர். எங்கள் வீட்டில் பேசும் தமிழிலிருந்து "நம்பர் ப்ளீஸ்" வரைக்கும் போவதற்கு நேர் பஸ் கிடையாது. முதல் வாரத்தில் ஒரு காலை, போர்டு முழுக்க விளக்கு எரிந்த பதற்றத்தில், "இன்னா நம்பருங்க வோணும்?" என்று கேட்டுவிட்டேன். எனக்குப் பின்னால் நின்றிருந்த சூப்பர்வைசர் ராஜலட்சுமி அம்மா மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. அந்தப் பக்கம் ஒரு அரிசி மில் முதலாளி. வழக்கமாகத் தடுமாறித் தடுமாறி நம்பரைத் தப்பாகச் சொல்லிவிட்டு எங்கள் மேல் பாய்கிறவர். அன்றைக்கு நம்பரைச் சரியாகச் சொன்னார், எங்கள் பக்கம் மழை உண்டா என்று விசாரித்தார். நான் லைனைக் கொடுப்பதற்குள், மில்லில் இருந்த யாரிடமோ அவர் சொன்னது எனக்கும் கேட்டது:

"இன்னிக்குத்தான் உள்ள ஒரு மனுசி உக்காந்துகினு இருக்குது."

கால் வைக்கும் காரணம்

போர்டின் மேல் வரிசை கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காக எங்கள் நாற்காலிகளை உயரமாகச் செய்திருந்தார்கள். அளவு கொடுத்தவர் நல்ல வளர்த்தியான ஆம்பளையாக இருந்திருக்க வேண்டும். எங்களில் ஒருத்திக்கும் கால் தரையில் படாது. ஷிப்ட் முழுக்கத் தொங்கிய கால் வீட்டுக்குப் போகிற நேரத்தில் செருப்புக்குள் நுழையாது. என் பக்கத்து சீட் மணிமேகலை அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள். கால் வைக்க ஏதாவது ஏற்பாடு செய்து கொடுங்கள் என்று மேலிடத்துக்கு எழுதினோம். கால் வைக்க வேண்டிய அவசியம் ஏன் ஏற்பட்டது என்று விளக்கம் கேட்டுப் பதில் வந்தது. மணிமேகலை அதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில், இவளுக்கு இப்போதே வலி எடுத்துவிடப் போகிறதே என்று எங்களுக்குப் பயமாகிவிட்டது.

லைன்மேன் கோவிந்தன் அண்ணன் ஜாஸ்தி பேசாதவர். கேபிள் சுற்றி வந்த பெரிய மர உருளை ஒன்று பின்பக்கம் கிடந்தது. அதைப் பிரித்து, சாய்வாக ஒரு நீளப் பலகை அடித்து, போர்டுக்கு அடியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அன்று மாலை நாங்கள் எல்லாரும் செருப்புப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனோம். பிறகு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி குனிந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார். சொன்னோம். அவர் மணிமேகலையின் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ராஜலட்சுமி அம்மாவைத் தள்ளி அழைத்துப் போய்ச் சொன்னாராம்:

"ஆபீஸ் சாமான்ல இது இல்ல. நான் வண்டி ஏறுற வரைக்கும் யாரும் கால் வைக்க வேணாம், அப்புறம் நான் பாக்கல."

மலைக்கும் ஊருக்கும் நடுவில்

கல்வராயன் மலை மேல் வெள்ளிமலைக்கு ஒரே ஒரு லைன் போயிற்று. காட்டுக்குள் புகுந்து, மேடு பள்ளம் ஏறி இறங்கிப் போகிற கம்பி. காற்று அடித்தால் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வரும். மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் குரல் கேட்காது, கீழே இருப்பவருக்கு மேலே இருப்பவர் குரல் கேட்காது, நடுவில் இருக்கிற எனக்கு இரண்டும் கேட்கும். அந்த மாதிரி நேரத்தில் ஆபரேட்டரே இங்கே சொன்னதை அங்கே சொல்லி, அங்கே சொன்னதை இங்கே சொல்ல வேண்டும். அதுவும் எங்கள் வேலையில் சேர்த்தி.

மலையில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர். அவருடைய வீட்டுக்காரருக்குக் கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ஜவுளிக் கடை. சனிக்கிழமை தோறும் டீச்சர் போஸ்ட் ஆபீஸிலிருந்து பேசுவார். சாப்பிட்டாரா என்று கேளுங்கள் என்பார் டீச்சர். ஆயிற்று என்று சொல்லுங்கள் என்பார் இவர். இரண்டு பேருக்கும் நான் சொல்லிச் சொல்லி, அவர் வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை டீச்சர் குரல் கனமாக வந்தது. போன வாரம் மலைக்கு வருவதாகச் சொன்ன மனுஷர், அக்கா வீட்டு விசேஷத்துக்கு விழுப்புரம் போய்விட்டாராம். "அக்கா வூட்டுக்குப் போவ பஸ் இருக்குது, இங்க வரத்தான் இல்லியான்னு கேளுங்க" என்றார். நான் ராஜலட்சுமி அம்மா பழக்கிய குரலில், "உங்கள் அக்கா வீட்டுக்குப் போக பஸ் இருக்கிறது, இங்கே வரத்தான் இல்லையா என்று கேட்கிறார்கள்" என்றேன்.

 மலை பஸ்ஸில் கும்பல் என்று சொல்லுங்கள் என்றார் இவர். கும்பலாம் என்று சொன்னேன். மேலே கம்பியில் காற்று ஊதுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் டீச்சர், அடுத்த வாரமாவது வருவாரா என்று கேட்கச் சொன்னார். இந்தத் தடவை குரலில் கோபம் இல்லை. அதை அப்படியே எடுத்துச் சொல்ல எனக்குத்தான் சிரமமாக இருந்தது. சில நாள் கழித்து ஜவுளிக் கடைக்காரர் நேரில் எங்கள் ஆபீஸுக்கு வந்து, ஜன்னல் பக்கம் நின்று என்னைத் தேடினார். மலைக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தாராம்.

"அவங்க சொன்னா கோவம் வருது, நீங்க சொன்னா வெக்கமா பூடுச்சுங்க. அதான் பஸ் ஏறிட்டேன்."

எந்த ஆளுங்க?

போராட்டம் முற்றிய மாதங்களில் ஊரில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. பஸ்ஸில், டீக்கடையில், சந்தையில், பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் எதிரே இருப்பவர் எந்த ஜாதி என்று தெரிந்துகொள்ளாமல் யாரும் வாயைத் திறப்பதில்லை. டெலிபோனில் முகம் தெரியாதா, அதனால் எங்களுக்குத் தொந்தரவு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி. களமருதூர்ப் பக்கத்து நெல் வியாபாரி ஒருவர் எங்கள் ஊருக்கு வந்த இடத்தில் பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டார். சேலத்துக்கு டிரங்க் கால் கேட்டு ஒரு கடையிலிருந்து கூப்பிட்டவர், நம்பரைச் சொல்வதற்கு முன்னால், "நீ எந்த ஆளுங்கம்மா?" என்று விசாரித்தார். எனக்கு முதலில் சுருக்கென்றது. அப்புறம், நான் டெலிபோன் ஆளுங்க என்று சொல்லிவைத்தேன். அவர் உண்மையாகவே யோசித்தார்.

"அவங்க நம்ம பக்கம் இல்லியே. சரி, பரவால்ல, சேலம் போடும்மா."

கம்பத்தின் மேல்

ஒரு நாள் காலையில் வேலைக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. சுற்று வட்டாரத்து ரோடுகளில் போராட்டக்காரர்கள் மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் எதுவும் ஓடவில்லை. அடுத்த ஷிப்டுக்கு வடக்கனந்தலிலிருந்து வர வேண்டிய பெண் வர முடியவில்லை. மணிமேகலை பிரசவ லீவில் இருந்தாள். நானும் ராஜலட்சுமி அம்மாவும் ஒருத்தி மாற்றி ஒருத்தி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனதோடு சரி. ஊரே எங்களைக் கூப்பிட்டு, பஸ் எப்போது ஓடும் என்று கேட்டது. பஸ்ஸுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னால் யாரும் நம்பவில்லை.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா பேசினார். பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு நிலைமை சரியில்லை. ரோடு இல்லாததால் சேலத்துக்கு அனுப்ப வழியில்லை. அங்கிருக்கும் பெரிய டாக்டரிடம் போனிலாவது யோசனை கேட்க வேண்டும். சேலம் லைன் செத்துக் கிடந்தது. ஊருக்கு வெளியே ஒரு மரம் விழும்போது எங்கள் கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது. போக வேண்டியவர்கள் கோவிந்தன் அண்ணனும் முருகேசன் அண்ணனும். கோவிந்தன் அண்ணனின் சொந்தக்காரர்களே அந்த ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். முருகேசன் அண்ணன் காலனிக்காரர். அந்த நாளில் அவர் அந்தப் பக்கம் போவது லேசான காரியம் இல்லை. ராஜலட்சுமி அம்மா அவரிடம், போகச் சொல்லி நான் உத்தரவு போட மாட்டேன் என்றார். அவர் சைக்கிளில் ஏணியைக் கட்டினார்.

அங்கே நடந்ததை நாங்கள் பிறகுதான் கேட்டோம். கூட்டம் கோவிந்தன் அண்ணனை மட்டும் போகச் சொன்னதாம். தனக்கு முழங்கால் போய்விட்டது, கம்பம் ஏற முடியாது, ஆஸ்பத்திரியில் ஒரு பெண் உயிருக்குப் போராடிக்கொண்டு இருக்கிறாள், முருகேசன் ஏறினால்தான் ஆகும் என்று அவர் சொல்லியிருக்கிறார். கூட்டத்தார் தங்களுக்குள் பேசிப் பார்த்துவிட்டு வழி விட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் வந்து ஏணியையும் பிடித்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், செத்துக் கிடந்த லைன் திடீரென்று கரகரத்து, "டெஸ்டிங், டெஸ்டிங், கேக்குதாம்மா?" என்று முருகேசன் அண்ணன் குரல் வந்ததுதான்.  டாக்டரம்மாவைச் சேலத்தோடு இணைத்துவிட்டு, அந்தக் கயிற்றின் பக்கம் வேறு யார் கையும் போகாமல் பார்த்துக்கொண்டேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

திரும்பும்போது கூட்டத்தில் தண்ணீர் கேட்டிருக்கிறார்கள். கோவிந்தன் அண்ணனுக்குச் சொம்பை நீட்டினார்கள். முருகேசன் அண்ணனைக் குனிந்து கையை ஏந்தச் சொன்னார்கள். கோவிந்தன் அண்ணன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, தானும் பக்கத்தில் குனிந்து கையை ஏந்தினாராம். முருகேசன் அண்ணன்தான் இதை எங்களுக்குச் சொன்னார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"கம்பத்து மேல இருக்கச்சொல்ல மட்டும் எல்லாரும் என்னை அண்ணாந்துதான் பாத்தாங்க."

கோடு மின்னுகிறது

மெஷின் வருகிறது என்ற பேச்சு உத்தரவாகவே வந்துவிட்டது. இனி கஸ்டமர் தாமே நம்பரைச் சுற்றிப் பேசிக்கொள்வார். ஆபரேட்டர்களில் பயிற்சி முடித்துத் தேறியவர்கள் புகார் பிரிவிலும் விசாரணைப் பிரிவிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரலாம். தேறாதவர்கள் பழைய போர்டு மிச்சம் இருக்கும் ஏதோ ஒரு ஊருக்கு மாற்றப்படலாம். என்னையும் மணிமேகலையையும் சென்னைக்கு அனுப்பினார்கள். அவள் கைக்குழந்தையோடும் தன் அம்மாவோடும் வந்திருந்தாள். நடுநடுவே வகுப்பிலிருந்து எழுந்து போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவாள்.

சொல்லிக்கொடுத்தது எங்களை விடச் சின்னப் பெண். முதல் நாள் எங்கள் முன்னால் ஒரு திரையை வைத்தார்கள். கறுப்புத் திரையில் பச்சையாக ஒரு சின்னக் கோடு மின்னிக்கொண்டே இருந்தது. எங்களுக்கோ எது மின்னினாலும் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பழக்கம். மணிமேகலை தன்னை அறியாமல் திரையைப் பார்த்து, "நம்பர் ப்ளீஸ்" என்றாள். வகுப்பே சிரித்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல், நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அது உங்களைக் கூப்பிடலைங்க. நீங்க ஏதாவது சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டு இருக்கு."

குளிர் ரூம்

மெஷின் வந்து இறங்கியது. அதற்கென்று தனி ரூம், தனிக் கண்ணாடிக் கதவு, வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும், உள்ளே எந்நேரமும் ஏசி. எங்கள் ரூமில் ஒரு மின்விசிறி. அதைச் சுற்ற வைப்பதற்குக் கோவிந்தன் அண்ணன் கழியால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். சித்திரை வெயிலில், மெஷின் மேல் தூசி படிகிறதே என்ற கவலை எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. ஆளுக்கு ஒரு துணியை எடுத்துக்கொண்டு மெஷினைத் துடைக்கப் போனோம். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு நின்றபோது எங்கள் இன்ஜினியர் ராவ் சார் உள்ளே வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் மெஷினைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மேலிடத்தில் சொல்லிப் புது மின்விசிறி வாங்கித் தருகிறேன் என்றார். அவருடைய தமிழே தனி மாதிரி. அதற்குத்தான் அடுத்து வருகிறேன்.

"நீங்க இத்தனை பேர் உள்ள நின்னா, மெஷினுக்கு வேர்க்கும். வெளிய போ."

பாஸ்ங்க

இன்ஜினியர் ராவ் சார் ஆந்திராக்காரர். தங்கமான மனுஷர். ஆனால் தமிழைக் கம்பம் நடும் இடங்களில் லைன்மேன்கள் தங்களுக்குள் பேசியதைக் கேட்டுக் கற்றிருந்தார். அதனால் எல்லாரும் அவருக்கு நீ, வா, போ. தாலுகா ஆபீஸில் பெரியவர் ஒருவருக்குப் போன் செய்து, "உன் லைன் ரெடி, எடுத்துப் பாரு" என்று சொல்லி, அதற்கு எழுத்தில் புகார் வந்தது. அவருக்கு என்ன தப்பு என்றே புரியவில்லை. அன்று முழுக்க வாடிப்போய் இருந்தார்.

அதே வாரத்தில்தான் ராஜலட்சுமி அம்மா ஓய்வறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது எனக்குத் தெரியவந்தது. அவர் வீட்டுக்காரர் சீக்கிரமே காலமாகிவிட்டார். மகள் உள்ளூரில் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா எங்களுக்குப் பிறகு சென்னைக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார், தேர்வில் தேறவில்லை. அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். இன்னொரு தடவை எழுதலாம், அதிலும் போனால் மாற்றல். கீபோர்டில் எழுத்தெல்லாம் வரிசையில் இல்லாமல் சிதறிக் கிடக்கிறதே, நான் தேடுவதற்குள் கஸ்டமர் போனை வைத்துவிட்டுப் போய்விடுவாரே என்றார். எத்தனையோ பேர் குரலைத் திருத்திய மனுஷி, தன் குரல் உடைந்து பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

நான் ராவ் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர், நான் அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறேன், அம்மா எனக்கு மரியாதை சொல்லித் தரட்டும் என்றார். தினமும் ஷிப்ட் முடிந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவார். பக்கத்தில் ராவ் சார், "சொல்லுங்க, இருங்க, பாக்குறேங்க" என்று மனப்பாடம் செய்துகொண்டிருப்பார். கொஞ்ச நாளில் அம்மாவின் விரல் தேடுவதை விட்டது. ராவ் சாருக்கோ நிறுத்தும் இடம் தெரியவில்லை. கரண்ட் போச்சுங்க என்றார், வாசலில் படுத்திருந்த நாயை எழுந்துக்கோங்க என்றார். கஸ்டமர்கள் அவரைத் தேடி வந்து பேசிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள்.

அம்மா இரண்டாம் தடவை எழுதிய தேர்வின் முடிவு ராவ் சாருக்குத்தான் முதலில் வந்தது. தன் ரூமை விட்டு வெளியே வந்தார். நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றோம். ராஜலட்சுமி அம்மா மட்டும் எழாமல், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராவ் சார் அவர் முன்னால் போய் நின்று கைகூப்பினார்.

"அம்மாங்க, நீங்க பாஸ்ங்க. கள்ளக்குறிச்சிலயே இருங்க."

உள்ளே யாரோ

மெஷினை ஓட விட்ட அன்று காலையில் அதிகாரிகள் வந்தார்கள், சாமி கும்பிட்டார்கள், கேசரி கொடுத்தார்கள். பழைய போர்டில் எரிந்துகொண்டிருந்த விளக்குகள் ஒரே நேரத்தில் அணைந்தன. யாராவது அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மணிமேகலை ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தோள்பட்டையை நன்றாகத் தேய்த்துவிட்டுக்கொண்டு, இன்னொரு கேசரி கிடைக்குமா என்று கேட்டாள். ஊரில் பாதிப் பேர் பேசுவதற்கு ஆள் இல்லாமலே நம்பரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராங் நம்பர்களுக்குக் குறைவே இல்லை.

புகார் பிரிவில் எனக்கு வந்த முதல் அழைப்பு, பாத்திரக் கடைக்காரர் வீட்டு அம்மா. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பேசினார். தன் வீட்டுப் போன் கெட்டுவிட்டது, எடுத்தால் யாரும் "நம்பர் ப்ளீஸ்" சொல்வதில்லை, ஒரே சத்தமாக இருக்கிறது என்றார். அதுதான் டயல் டோன், அந்தச் சத்தம் கேட்டால் போன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், சத்தம் வந்த பிறகு நம்பரைச் சுற்றினால் போதும் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். எனக்கே என் விளக்கம் பிடித்துப்போயிற்று. புரிந்ததா அம்மா என்று கேட்டேன்.

"அதெல்லாம் சரி கண்ணு. உள்ள யாரோ முனகிக்கினே இருக்காங்க, அவங்களுக்கு ஒடம்புக்கு இன்னான்னு மொதல்ல பாருங்க."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: புது மெஷின் வந்து காதிலிருந்த வேலையைக் கண்ணுக்கும், தோளிலிருந்த வலியை இடுப்புக்கும் மாற்றிக் கொடுத்தது, வாய்க்கு மட்டும் எந்த மெஷினும் லீவு கொடுக்கவில்லை.